தம்பதியாக வெளிநாட்டுப் படிப்பு: துணைவரின் விசாவை எது தீர்மானிக்கிறது?

2024 ஜனவரி 1 முதல், பிரிட்டனில் வகுப்பறைப் பாடமாக முதுநிலைப் பட்டம் படிக்கச் செல்பவர் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. 2025 ஜனவரி 21 முதல், கனடாவில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேருபவரின் துணைவருக்கு வேலை அனுமதி கிடையாது. 2025 ஜூலை 1 முதல், ஆஸ்திரேலிய மாணவர் விசாவின் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர்.

இவ்வளவு நடந்த பிறகும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளில் போடப்படும் கணக்கு 2022ஆம் ஆண்டுக் கணக்காகவே இருக்கிறது. ஒருவர் படிப்பார், மற்றவர் முழுநேர வேலைக்குப் போவார், இரண்டு மூன்று வருடத்தில் கடன் அடைந்துவிடும் என்பதுதான் அந்தக் கணக்கு. அப்படிப் போய் நன்றாக இருக்கும் உறவினர் ஊருக்கு ஒருவராவது உண்டு. அவர் சொல்வது பொய்யல்ல. அவர் போனபோது இருந்த விதி அது. இப்போதைய விதிகள் எப்படி இயங்குகின்றன, ஓசூரிலோ பாலக்கோட்டிலோ உள்ள ஒரு தம்பதியின் கணக்கில் அவை எங்கெல்லாம் கை வைக்கின்றன என்பதை அடியிலிருந்து பார்ப்போம். தொகைகளும் தேதிகளும் 2025 இறுதி நிலவரப்படி தரப்பட்டுள்ளன. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

டிபென்டன்ட் என்பவர் யார்?

மாணவர் விசா ஒரு தனி நபருக்கு, ஒரு குறிப்பிட்ட படிப்புக்காகத் தரப்படுகிறது. அவரைச் சார்ந்து செல்லும் கணவன், மனைவி, குழந்தைகளுக்குத் தரப்படுவது டிபென்டன்ட் விசா, அதாவது சார்பு விசா. இந்த விசாவுக்குத் தனக்கென்று உயிர் கிடையாது. மாணவர் படிப்பை நிறுத்தினால், விசா ரத்தானால், அல்லது மணமுறிவு ஏற்பட்டால் துணைவர் அங்கே தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். பந்தல் சரிந்தால் கொடிக்கு என்ன ஆகுமோ அதுதான்.

ஆகவே எந்த நாடாக இருந்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்:

1. இந்தப் படிப்புக்குத் துணைவரை அழைத்துச் செல்ல அனுமதி உண்டா?
2. அனுமதி உண்டென்றால், துணைவர் அங்கே வேலை செய்யலாமா? எத்தனை மணி நேரம்?
3. படிப்பு முடிந்த மறுநாள் துணைவரின் நிலை என்ன?

விளம்பரங்களும் ஆலோசனை நிறுவனங்களும் இம்மூன்றையும் சேர்த்து "ஸ்பவுஸ் விசா உண்டு" என்ற ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுகின்றன. குழப்பம் தொடங்குவது அங்கேதான். முதல் கேள்விக்கு "ஆம்" வந்தாலும் இரண்டாவதற்கு "இல்லை" வரலாம். அதைவிட முக்கியம், விடை பெரும்பாலும் நாட்டைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. படிப்பின் வகையையும் கால அளவையும் பொறுத்து அமைகிறது. ஒரே நாட்டில், ஒரே பல்கலைக்கழகத்தில், அடுத்தடுத்த கட்டடங்களில் நடக்கும் இரண்டு படிப்புகளுக்கு விடை வேறாக இருக்கும்.

விதிகள் ஏன் இறுகின?

பிரிட்டிஷ் உள்துறையின் கணக்குப்படி, மாணவர்களின் குடும்பத்தாருக்கு 2019இல் தரப்பட்ட விசாக்கள் ஏறத்தாழ 16,000. 2022இல் அது ஏறத்தாழ 1,36,000. மூன்றே ஆண்டில் எட்டு மடங்கு. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த அரசுக்கு இந்த எண் பெரிய தலைவலி. 2023 மே மாதம் தடையை அறிவித்தார்கள், 2024 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவில் வீட்டுத் தட்டுப்பாடும் வாடகை உயர்வும் அரசியல் பிரச்சினையாக மாறின. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கே உச்சவரம்பு வைத்தார்கள். துணைவர்களின் வேலை அனுமதி அதன் தொடர்ச்சியாகவே வெட்டப்பட்டது.

இதிலிருந்து ஒன்று புரியும். ஆய்வுப் பட்டம் படிக்க வருபவரை இந்நாடுகள் இன்னும் குடும்பத்தோடு வரவேற்கின்றன. குறுகிய படிப்பை வேலைச் சந்தைக்கு நுழைவாயிலாகப் பயன்படுத்துவதாகக் கருதப்படுபவர்களுக்குத்தான் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அது நியாயமா என்று வாதிடலாம். விண்ணப்பம் போடுகிறவருக்கு அந்த வாதத்தால் பயனில்லை.

நாடு வாரியாக

*பிரிட்டன்.* முனைவர் பட்டம், ஆய்வு அடிப்படையிலான உயர் பட்டம், அல்லது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு அரசு உதவித்தொகை பெற்றவர் ஆகிய பிரிவினர் மட்டுமே துணைவரை அழைத்துச் செல்லலாம். அப்படிச் செல்லும் துணைவர் முழுநேர வேலை பார்க்கலாம். நம் பகுதியிலிருந்து பெரும்பாலோர் போகும் ஓராண்டு எம்எஸ்சி, எம்பிஏ வகையறாக்களுக்கு இது பொருந்தாது.

படிப்புக்குப் பின் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரப்படுவது கிராஜுவேட் விசா. "ஒரு வருடம்தானே, படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறியதும் அழைத்துக்கொள்ளலாம்" என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் நடக்காது. கிராஜுவேட் விசாவில் துணைவராகச் சேர, முன்பே மாணவரின் துணைவராக அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆக, படித்தவர் ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசாவுக்கு மாறிய பிறகே துணைவருக்கு வழி பிறக்கும். அதற்கான பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. கிராஜுவேட் விசாவின் காலமும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டக்காரர்களுக்கு மூன்று ஆண்டு தொடர்கிறது. புதிதாகத் திருமணமானவர்கள் இதை ஓராண்டுப் பிரிவாக நினைத்துக் கிளம்பக் கூடாது. இரண்டு முதல் மூன்று ஆண்டுப் பிரிவு என்று எண்ணிக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். இடையில் துணைவர் பார்வையாளர் விசாவில் போய்வரலாம். ஆனால் அடிக்கடி போய் அங்கேயே குடியிருப்பது போலத் தங்க அந்த விசா இடம் தராது.

*கனடா.* இங்கே துணைவருக்கு ஓபன் ஒர்க் பர்மிட் என்று ஒன்று உண்டு. எந்த முதலாளியிடமும், எத்தனை மணி நேரமும் வேலை செய்யலாம் என்பது அதன் சிறப்பு. இன்று அது கிடைப்பது மூன்று வகையினரின் துணைவர்களுக்கு: முனைவர் பட்டம் படிப்பவர்கள், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பில் இருப்பவர்கள், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற குறிப்பிட்ட தொழில்முறைப் பட்டப் படிப்புகளில் இருப்பவர்கள். கல்லூரி டிப்ளமோக்களுக்கு 2024 மார்ச்சிலேயே அந்த வாசல் அடைபட்டது.

16 மாதம் என்ற இந்த எல்லையை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 12 மாத முதுநிலைப் படிப்பு செலவு குறைவு என்று தேர்ந்தெடுக்கும் தம்பதி, துணைவரின் முழு வருமானத்தையும் இழக்கிறார்கள். நான்கு மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் ஓராண்டுச் சம்பளத்தை விட்டுவிடுவது எந்த ஊர் சிக்கனம்? சேர்க்கைக் கடிதத்தில் படிப்பின் கால அளவு எப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை, 2025 செப்டம்பர் 1 முதல், தனி ஒருவருக்கு 22,895 கனடிய டாலர்; இருவர் என்றால் 28,502. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு வெளியே. விண்ணப்பங்களை விரைவாக முடித்துத் தந்த ஸ்டூடன்ட் டைரக்ட் ஸ்ட்ரீம் என்ற வழி 2024 நவம்பர் 8 அன்று மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதன் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பவரை நம்ப வேண்டாம்.

*அமெரிக்கா.* எஃப்-1 மாணவரின் துணைவருக்கு எஃப்-2. உடன் வாழலாம். வேலை செய்யக் கூடாது, பகுதிநேரம்கூட. முழுநேரப் பட்டப் படிப்பிலும் சேர முடியாது. சில பாடங்களைப் பகுதிநேரமாகப் படிக்கலாம், முழுநேரம் படிக்க வேண்டுமென்றால் தானும் எஃப்-1க்கு மாற வேண்டும். மாணவர் படிப்பை முடித்து ஓபிடி என்ற பயிற்சிக் காலத்தில் வேலை பார்க்கும்போதும் எஃப்-2 துணைவரின் தடை நீடிக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவினருக்கு அந்தப் பயிற்சிக் காலம் 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும். இரண்டு ஆண்டு எம்எஸ் படிப்பையும் கூட்டிப் பாருங்கள்: துணைவர் ஐந்து ஆண்டு வருமானமின்றி இருக்க நேரலாம். இரண்டு சம்பளத்தில் வாழ்ந்து பழகிய தம்பதிக்கு இதைவிட விலை உயர்ந்த வழி வேறில்லை என்பேன். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போனால் நிலைமை மாறும். ஜே-2 துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் உதவித்தொகை, ஆய்வு வழிப் பயணங்களுக்கு உரியது.

*ஆஸ்திரேலியா.* முதுநிலை, முனைவர் பட்டம் படிப்பவரின் துணைவர், படிப்பு தொடங்கிய பின் நேர வரம்பின்றி வேலை செய்யலாம். மற்றப் படிப்புகளுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். மாணவருக்கும் அதே 48 மணி. காட்ட வேண்டிய தொகை மாணவருக்கு 29,710 டாலர், துணைவருக்கு 10,394 டாலர்; ஆக 40,104. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. துணைவர் இப்போது உடன் வராவிட்டாலும் முதல் விண்ணப்பத்திலேயே அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பின்னால் கதவு திறக்காது. அடுத்தது வயது: படிப்புக்குப் பின் தரப்படும் 485 விசாவுக்கு 2024 ஜூலை முதல் வரம்பு 35. ஆய்வுப் பட்டக்காரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. சில ஆண்டு வேலை பார்த்து, திருமணம் முடித்து, குழந்தை பிறந்த பின் கிளம்பும் தம்பதிகள் பலர் இந்த வரம்பை ஒட்டி நிற்கிறார்கள்.

*ஜெர்மனி.* கட்டணம் அநேகமாக இல்லாத அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதால் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மாணவர், முடக்கப்பட்ட கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுவைக்க வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். இந்தியப் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம்.

துணைவருக்குக் குடும்ப இணைப்பு விசா. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவருக்குப் போதுமான வீடும் பணமும் இருப்பதைக் காட்ட வேண்டும். துணைவர் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வான ஏ1 தேறியிருக்க வேண்டும். சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. இவ்வளவையும் தாண்டிவிட்டால் பலன் பெரிது: துணைவர் கட்டுப்பாடின்றி வேலை செய்யலாம். மாணவர் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானமில்லாத துணைவர் கூடுதல் சந்தா இல்லாமல் அதே காப்பீட்டில் சேரலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு சிறு வசதி: ஏ1 தேர்வை நடத்தும் மாக்ஸ் முல்லர் பவன் சென்னையில் மட்டுமல்ல, ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு முகவரிக்காரரின் விசா விண்ணப்பமோ சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வரும். ஏ1 தேறியதும் வேலை கிடைத்துவிடும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அது கடைக்குப் போய் ரொட்டி வாங்கப் போதுமான மொழி.

பணக் கணக்கு: நம் ஊர் நிலவரத்தில்

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவி பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்து ஓசூரில் வேலை பார்க்கிறார். முதுநிலைப் படிப்புக்குப் போக விரும்புகிறார். கணவர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். பாலக்கோடு பக்கம் குடும்பத்துக்கு மாந்தோப்பும் தக்காளி போடும் நிலமும் உண்டு. இருவருக்கும் ஆளுக்கு 40,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தம்பதி எங்கெங்கே இடறுவார்கள்?

1. கணக்கில் விடுபடும் தொகை. இருவரும் வேலையை விட்டு இரண்டு ஆண்டு போனால் இழக்கும் சம்பளம் 19 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், வாடகை எல்லாம் எழுதப்பட்ட தாளில் இந்தத் தொகை இருக்காது. துணைவருக்கு வேலை அனுமதி இல்லாத நாடு என்றால் இது முழு நட்டம். துணைவர் ஓசூரிலேயே இருந்தால் பாதி நட்டம், அதோடு கடன் வட்டிக்கு ஒரு கை இருக்கும்.

2. நிலம் இருக்கிறது, ஆனால் அடமானம் ஆகாது. கல்விக் கடன் மாதிரித் திட்டத்தின்படி ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்துப் பிணை கேட்கும். குடும்பத்தில் ஐந்து ஏக்கர் இருப்பதால் கவலையில்லை என்று போகிறவர்கள் வங்கி மேலாளர் மறுப்பாகத் தலையசைப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், அதன் 31ஆம் பிரிவின்படி, விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. எனவே வங்கிகள் வீட்டையோ அங்கீகரிக்கப்பட்ட மனையையோதான் விரும்புகின்றன. ஐந்து ஏக்கர் மாந்தோப்பு செய்ய முடியாததை ஊத்தங்கரையில் ஒரு காரை வீடு செய்துவிடும். அந்த வீட்டின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒரே பெயரில் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தாத்தா பெயரில் நிற்கும் பட்டாவை மாற்ற ஆகும் காலத்துக்குப் பல்கலைக்கழகம் காத்திருக்காது.

3. விவசாய வருமானத்துக்குக் கணக்கு இல்லை. அந்த வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் வரித் தாக்கலும் பல வீடுகளில் கிடையாது. மாம்பழப் பருவத்தில் மொத்தமாக வரும் பணம் வங்கிக் கணக்கில் திடீரென வீங்கித் தெரியும். விசா அதிகாரிக்கு அது யாரோ தற்காலிகமாகப் போட்டுவைத்த பணமாகத் தோன்றும். மாங்கூழ் ஆலையின் ரசீது, மண்டிச் சீட்டு, தாசில்தாரின் வருமானச் சான்று, அடங்கல் நகல் ஆகியவற்றைச் சேர்த்துவைப்பது இதற்காகத்தான். பணம் கைக்கு வராமல் கணக்கு வழியாக வருமாறு ஓராண்டு முன்பே பழக்கிக்கொள்வது இன்னும் நல்லது.

4. யார் கணக்கில் பணம்? பிரிட்டன் இதில் கறார். மாணவர், அவர் துணைவர், பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரின் கணக்கு மட்டுமே செல்லும். மாமனார் கணக்கும் சித்தப்பா கணக்கும் செல்லாது. தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். 2025 நவம்பர் 11 முதல், லண்டனுக்கு வெளியே மாணவருக்கு மாதம் 1,171 பவுண்டு, துணைவருக்கு 680 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. முனைவர் பட்டத்துக்குப் போகும் தம்பதி என்றால் 10,539, 6,120, இரண்டும் சேர்த்து 16,659 பவுண்டு. இது காட்டும் பணம். செலவாகும் பணம் வேறு: சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே. நான்கு ஆண்டுக்கு மட்டும் கணக்கிட்டாலும் இருவருக்கு 6,208 பவுண்டு விமானம் ஏறும் முன்பே போய்விடும்.

5. வட்டி முதல் நாளே ஓடத் தொடங்கும். படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டி இல்லை என்று புரிந்துகொள்பவர் அதிகம். 30 லட்சம் ரூபாய் முழுதும் விடுவிக்கப்பட்டு வட்டி 10 சதவீதம் என்றால், மாதம் 25,000 ரூபாய் வட்டி சேருகிறது. அந்த வட்டியை அவ்வப்போது கட்டிவந்தாலும், பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 39,600 ரூபாய். அது மேற்சொன்ன கணவரின் முழுச் சம்பளம். கல்விக் கடன் மாணவருக்கு உரியது என்பதையும் மறக்கக் கூடாது. துணைவரின் சாப்பாட்டுக்கும் டிக்கெட்டுக்கும் அது பெரும்பாலும் வராது.

6. நகை. அந்த இடைவெளியை நிரப்புவது வழக்கமாகப் பெண்ணின் நகை. நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுத் தவணை. படிப்போ இரண்டு ஆண்டு. திருப்ப ஆள் ஊரில் இல்லாதபோது ஏல அறிவிப்பு பழைய முகவரிக்கு வந்துகொண்டிருக்கும். கணவனின் படிப்புக்காக மனைவியின் நகை அடகுக்குப் போகிறது என்றால், சட்டப்படி அது அவருடைய தனிச் சொத்து என்பதை இரு வீட்டாரும் நினைவில் வைத்து, யார் எப்போது மீட்பது என்று பேசிவைப்பது தவறல்ல.

7. பணம் அனுப்பும்போது பிடிக்கப்படும் வரி. ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இது இல்லை. சொந்தப் பணம் படிப்புக்கென்று போனால் குறைந்த விகிதம். துணைவரின் குடும்பச் செலவுக்கென்று போனால் 20 சதவீதம். பின்னர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை கைப்பணம் முடங்கும். வரம்பு அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. எந்தப் பணம் எந்தக் காரணத்துக்குப் போகிறது என்று படிவத்தில் சரியாகக் குறிப்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

திருமணத்தை நிரூபிக்கும் தாள்கள்

ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போன திருமணமாக இருந்தாலும் விசா அலுவலகத்துக்குத் தாள்தான் சாட்சி. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி, மாநிலத்துக்குள் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். காலம் கடந்துவிட்டால் இந்து திருமணச் சட்டம் போன்ற வேறு சட்டங்களின் வழியை நாட வேண்டியிருக்கும்.

எல்லை மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. மணமக்கள் ஓசூர்க்காரர்கள், மண்டபமோ அத்திப்பள்ளியில். அப்படியென்றால் திருமணம் நடந்தது கர்நாடகத்தில். தமிழ்நாட்டுச் சட்டம் அதற்குப் பொருந்தாது. குப்பம் பக்கத்துக் கோயிலில் நடந்திருந்தால் ஆந்திரம். பதிவு எங்கே என்பதைத் தாலி கட்டும் முன்பே யோசிப்பவர்கள் குறைவு. சான்றிதழ் கன்னடத்திலோ தெலுங்கிலோ தமிழிலோ இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய தந்தை பெயர், திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயர் என்று ஒரே பெண் மூன்று ஆளாக நிற்பார். எளிய வழி, திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றாமல் இருப்பது. மாற்றிவிட்டால் எல்லா ஆவணங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், தேவைப்பட்டால் அரசிதழ் அறிவிப்பு வழியாக. குறைந்தபட்சம் இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரமாவது இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்த திருமணம் என்றால் கூடுதல் கேள்விகள் வரும். பெரியோர் பார்த்து முடித்த திருமணத்தில் பழகிய கால ஆதாரம் இருக்காது என்பது நமக்கு இயல்பு, அதிகாரிக்குச் சந்தேகம். நிச்சயதார்த்தப் படம், அழைப்பிதழ், இரு வீட்டாரும் இருக்கும் படங்கள், திருமணத்துக்குப் பிறகு தொடங்கிய கூட்டுக் கணக்கு எல்லாம் உதவும். விசாவுக்காகவே அவசரத் திருமணம் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்பவர்களிடமிருந்து விலகி நிற்பதுதான் புத்திசாலித்தனம். பிடிபட்டால் நிராகரிப்போடு நிற்காது. பொய்த் தகவல் தந்தவர் என்ற பதிவு பல ஆண்டுத் தடையாக மாறும்.

யார் சொல்வதைக் கேட்பது?

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு ஆலோசனை தரும் நிறுவனம் அந்தச் சட்டத்துக்குள் வராது. அவர்களில் பலருக்கு வருமானம், மாணவர் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் தரும் கமிஷன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, குற்றமும் இல்லை. ஆனால் துணைவரின் விசாவுக்கு அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. எனவே துணைவர் பற்றிய கேள்விக்கு அக்கறையான பதிலை எதிர்பார்க்க முடியாது. "இந்தப் படிப்பில், இந்தத் தேதியில் சேர்ந்தால், துணைவருக்கு வேலை அனுமதி உண்டா?" என்ற ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் அதையே "இல்லை" என்று வாசிக்கலாம்.

துணைவரின் தொழிலையும் அப்போதே விசாரிக்க வேண்டும். வேலை அனுமதி இருந்தாலும் செவிலியர், மருந்தாளுநர், ஆசிரியர் போன்றோர் அந்நாட்டில் தனியாகப் பதிவோ உரிமமோ பெறாமல் தொழில் செய்ய முடியாது. தருமபுரியில் பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியர் அங்கே முதல் ஆண்டு முதியோர் இல்லத்தில் உதவியாளராக நிற்பது இதனால்தான்.

கிளம்பும் முன் ஊரில் முடிக்க வேண்டியது

இருவரும் போய்விட்டால் நிலத்தையும் வீட்டையும் பார்க்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது மலிவு, எளிது. அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில் நேரில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, தபாலில் அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கல்விக் கடனுக்கு அந்த வீடே பிணை என்றால் வங்கி கேட்கும் கையெழுத்துகளுக்கும் அதே பத்திரம் உதவும். விற்கும் அதிகாரம் வேண்டாம் என்றால் அதைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும். பத்திர எழுத்தரிடம் இருக்கும் அச்சு வடிவத்தில் விற்பனை அதிகாரமும் சேர்ந்தே வரலாம். கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.